கழுதைக் கிட்டங்கியில் மக்கள் விருப்பம்

மக்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ள அரசாங்கம் ஆசைப்பட்டால், முதலில் ஒரு பூட்டு வாங்குகிறது. இந்த உண்மை எனக்குப் போடிநாயக்கனூரில்தான் விளங்கியது.

முந்தல் ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் ஒரு பழைய கிட்டங்கி, அதாவது சரக்குக் கிடங்கு, இருக்கிறது. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டியது. மலைக்கு அரிசியும் உப்பும் கருவாடும் சுமந்துபோன கழுதைகள், திரும்பும்போது ஏலக்காய் மூட்டைகளோடு அங்கேதான் வந்து நிற்குமாம். அதனால் ஊருக்குள் அதற்குக் கழுதைக் கிட்டங்கி என்றே பேர். கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியுமோ தெரியாதோ, எங்கள் ஊர்க் கழுதைக்கு ஏலக்காய் வாசனை தெரிந்திருக்கும். ஜீப்பு வந்ததும் கழுதைகள் போய்விட்டன. கிட்டங்கி மட்டும் போக்கிடம் இல்லாமல் நின்றுவிட்டது. இரண்டு முழக் கனத்தில் சுவர், தேக்கு உத்தரம், சித்திரை வெயிலிலும் குளுகுளுவென்று இருக்கும் கல் தளம்.

அந்தக் கல் தளத்தில் சுருளியம்மாள் தாயக்கட்டம் கீறி வைத்திருந்தாள்.

சுருளியம்மாளுக்கு வயது நாற்பத்தேழு. மலைக்குக் காய் எடுக்கப் போகிறவள். விடியுமுன் எழுந்து சோறாக்கி, வீட்டு ஆட்களுக்கு எடுத்து வைத்து, ஐந்தரை ஜீப்பில் இன்னும் பதிமூன்று பெண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு ஏறுவாள். ஏலக்காய், செடியின் உச்சியில் காய்க்காது, தூரில் காய்க்கும். ஆகவே பகல் முழுக்கக் குத்தவைத்த இருப்பிலேயே நகர வேண்டும். சாயங்காலம் நாலரைக்கு ஜீப்பு அவர்களைக் கிட்டங்கி வாசலில் இறக்கிவிடும். அதிலிருந்து ஆறு மணி வரை தாயம். ஆறு மணிக்கு மேல் வீட்டில் இரண்டு எருமைகளும், தண்ணீர்க் குடம் எங்கே இருக்கிறது என்று இருபத்தாறு வருடமாகத் தெரியாத ஒரு புருஷனும் காத்திருப்பார்கள். இந்த உலகத்தில் அவளுடையது என்று சொல்ல அந்த ஒன்றரை மணி நேரம் மட்டுமே இருந்தது. அதை அவள் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. அதுதான் அவள் செய்த தப்பு.

போன ஐப்பசியில் எங்கள் ஊருக்கு மக்கள் விருப்பம் அறியும் வாரியம் வந்து சேர்ந்தது. பழைய கட்டடங்களைப் பொழுதுபோக்கு மையங்களாக மாற்றலாமா என்று மக்களிடம் கேட்டறிவது அதன் பணி. மாற்றுவதற்கு வேறொரு வாரியம் உண்டு. அதை இன்னும் தொடங்கவில்லை.

ஒருநாள் ஜீப்பைவிட்டு இறங்கிய பெண்கள், கிட்டங்கிக் கதவில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டுத் தொங்குவதைப் பார்த்தார்கள். பக்கத்தில் பளபளவென்று ஒரு பலகை. எட்டாவது வரை படித்த ராக்கு எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"இக்கட்டடத்தில் பொழுதுபோக்க மக்களுக்கு விருப்பம் உள்ளதா என்று அறியப்பட்டு வருவதால், உள்ளே பொழுதுபோக்கத் தடை செய்யப்பட்டுள்ளது."

பலகைக்குக் கீழே நாற்காலி போட்டு சின்னச்சாமி உட்கார்ந்திருந்தார். ஜீப்புக்கு லோடு ஏற்றி இடுப்பு ஒடிந்தபின் வாரியத்தில் காவலராகச் சேர்ந்தவர்.

"என்னண்ணே இது, பூட்டிக் கெடக்கு?" என்றாள் சுருளியம்மாள்.

"உங்களுக்காகத்தான் தாயி. உள்ள வந்து வெளையாட உங்களுக்கு விருப்பமான்னு கேக்கப் போறாகளாம்."

"நாங்க தெனம் உள்ளதான வெளையாடிக்கிருக்கோம்?"

"அதான் சிக்கலே. நீங்க பாட்டுக்கு வெளையாடிக்கிருந்தா அவுக எப்புடிக் கேப்பாக?"

சின்னச்சாமி இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. வாரியத்தில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தார்.

மறுநாள் சுருளியம்மாள் மலைக்குப் போகவில்லை. ஒருநாள் காய் எடுப்பை விட்டுவிட்டு வாரிய அலுவலகத்துக்குப் போனாள். ஒரு லாட்ஜின் மாடியில் இரண்டு அறைகள். முதல் அறையில் முத்துப்பிரியா என்ற பெண் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவதில் விருப்ப அலுவலர் மாரீஸ்வரன். நெற்றியில் சந்தனம், சட்டைப் பையில் நான்கு நிறப் பேனாக்கள். பதினேழு வருட சர்வீசில் இருபத்திரண்டு ஊர்களின் விருப்பத்தை அறிந்தவர். அந்த இருபத்திரண்டு ஊர்களிலும் அதன்பின் எதுவும் நடக்கவில்லை என்பதைப் பெருமையாகவே சொல்வார். அறிதல் அவ்வளவு ஆழமாக நடந்திருக்கிறது என்பது அவர் கணக்கு.

"சார், கதவத் தொறந்துவிட்டாப் போதும். எங்களுக்கு விருப்பந்தான்" என்றாள் சுருளியம்மாள்.

மாரீஸ்வரன் கருணையோடு சிரித்தார்.

"அம்மா, உட்காருங்க. நீங்க தினமும் அங்க விளையாடுறீங்க. அது பழக்கம். பழக்கம் வேற, விருப்பம் வேற. கையில இருக்கிற பொருள் மேல மனுசனுக்கு விருப்பம் வராதும்மா. இல்லாத பொருள் மேலதான் வரும். அதனாலதான் முதல்ல இல்லாம ஆக்குறோம். இப்ப உங்களுக்கு ஏக்கம் வருதுல்ல?"

"வருது சார்."

"பாத்தீங்களா! வாரியம் வேலை செய்ய ஆரம்பிச்சாச்சு." அவர் முத்துப்பிரியா பக்கம் திரும்பி, "ஏக்கம் ஒண்ணுன்னு குறிச்சுக்கம்மா" என்றார். முத்துப்பிரியா குறித்துக்கொண்டாள்.

"அப்பத் தொறந்துருவீகளா சார்?"

"வாயால சொன்னா அது பேச்சும்மா. படிவத்துல வந்தாத்தான் விருப்பம்."

படிவம் நான்கு பக்கம், நாற்பத்து மூன்று கேள்வி. மலையில் மத்தியானச் சோற்று நேரத்தில் பதினான்கு பேரும் ஏலச்செடி நிழலில் கூடி உட்கார்ந்து அதை நிரப்பினார்கள். ராக்கு வாசித்தாள்.

"கட்டடத்தைக் காணும்போது தங்களுள் எழும் வரலாற்றுணர்வை ஒன்று முதல் ஐந்துக்குள் மதிப்பிடுக."

"என்னத்தக் கேக்குறாக?"

"கிட்டங்கியப் பாத்தா என்ன தோணுதுன்னு கேக்குறாக மதினி."

"கால நீட்டி உக்காரலாம்னு தோணும். அதுக்கு எத்தன போடணும்?"

ராக்கு யோசித்து ஐந்து போட்டாள். கடைசிப் பக்கத்தில் 'இதர கருத்து' என்று ஒரு கட்டம் இருந்தது. "பூட்டைத் திறந்துவிட்டால் போதும்" என்று அதில் எழுதச் சொல்லி, சுருளியம்மாள் கையெழுத்துப் போட்டாள். ஏலக்காய்ப் பால் பட்டு விரல்களெல்லாம் கறுத்துப் போயிருந்தன. அந்தக் கறை லேசில் போகாது. காகிதத்தின் நாலு ஓரத்திலும் விரல் விரலாக அப்பிக்கொண்டது. பதினான்கு படிவங்களும் அதே கோலத்தில்தான் அலுவலகம் போய்ச் சேர்ந்தன.

அடுத்தது கருத்துக் கேட்புக் கூட்டம். மலைக்குப் போகிற சனங்களை நேரில் கேட்க வேண்டும் என்று மாரீஸ்வரன் பிடிவாதமாக இருந்தார். கூட்டத்தைப் புதன்கிழமை பகல் பதினோரு மணிக்குப் போடியில் வைத்தார். அந்நேரம் சனமெல்லாம் மலையில் இருந்தது. ஒருவரும் வராததைக் கண்டு மனம் நொந்து, மக்கள் வராவிட்டால் வாரியம் மக்களிடம் போகும் என்று முழங்கி, இரண்டாவது கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மலைமேல் இருக்கும் குரங்கணியில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மலைக்கு விடுமுறை. சனமெல்லாம் போடிச் சந்தையில் இருந்தது. குரங்கணியில் மைக்கின் முன்னால் இருந்தவர்கள் முத்துப்பிரியா, மைக் செட்டுக்காரர், மலையேற வந்து வழி தவறிய இரண்டு பெங்களூர் ஆட்கள். பெங்களூர்க்காரர்களிடம் வழியைச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கூட்டத்துக்கு வேண்டிய தலைக்கணக்கு, அதாவது கோரம், நிறைந்தது.

அன்று மாரீஸ்வரன் பேசியதை முத்துப்பிரியா அறிக்கையில் சேர்த்திருக்கிறாள். அதில் ஓரிடம்: "மக்கள் இங்கே இல்லை என்பதே மக்கள் நம்மிடம் சொல்லும் செய்தி. அந்தச் செய்தியைக் கேட்கும் காது இந்த வாரியத்துக்கு உண்டு." பெங்களூர்க்காரர்கள் கை தட்டினார்களாம்.

இதற்கிடையில் ஆறாயிரம் படிவம் வாங்கி அனுப்ப வேண்டும் என்று மேலிடம் இலக்கு வைத்தது. வீடு வீடாகப் போகத் தினக்கூலிக்குப் பத்துப் பேரை எடுத்தார்கள். இரண்டு நாள் நாய்க்கடிக்குத் தப்பி நடந்தபின் அந்தப் பத்துப் பேருக்கும் ஞானம் பிறந்தது. மேலிடம் எண்ணிக்கையைத்தான் கேட்டது, எழுத்தைக் கேட்கவில்லை. கட்டுப் பிரிக்காத படிவங்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். எண்ணிக்கை ஆறாயிரத்தைத் தாண்டியது. மாரீஸ்வரன் கண் கலங்கிவிட்டார். "இந்த ஊர் மாதிரி விருப்பமுள்ள ஊரை நான் பார்த்ததில்லை" என்றார்.

மாசி பிறந்தது. மலையில் காய் ஓய்ந்த காலம். சுருளியம்மாளும் கூட்டாளிகளும் வருடா வருடம் செய்வதுபோல ஊருக்குள் ஏலக்காய்க் கடைகளில் தரம் பிரிக்கிற சோலிக்குப் போனார்கள். தாயம் ஆடி ஏறக்குறைய நான்கு மாதம் ஆகியிருந்தது. நடுவில் ஒருநாள் ரோட்டுப் பாலத்து ஓரம் கட்டம் கீறிப் பார்த்தார்கள். லாரி ஒன்று ஆரன் அடித்துக்கொண்டே காய்களின்மேல் ஏறிப் போனது. அன்றிலிருந்து சுருளியம்மாள் வீட்டில் எரிந்து எரிந்து விழுந்தாள். எருமைக்குக்கூட அவளிடம் பயம் வந்துவிட்டது.

ஒருநாள் சின்னச்சாமி கடைக்கே தேடி வந்தார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த கதையாக, கிட்டங்கியைத் திறக்கப் போகிறார்கள் என்றார். ஆறாயிரம் படிவத்தைத் தரம் பிரிக்க வாரியத்தில் ஆள் இல்லை, உள்ளூர் மகளிரை வைத்துப் பிரிக்கலாம் என்று உத்தரவு வந்திருக்கிறது என்றார். "தரம் பிரிக்கிற சோலிதான? எங்களுக்குச் சொல்லித் தரணுமாக்கும்!" என்று பதினான்கு பேரும் புறப்பட்டார்கள்.

பூட்டுத் திறந்தது. கல் தளத்தில் படிவங்கள் அம்பாரமாகக் கிடந்தன. கட்டம் அதற்கு அடியில் எங்கோ இருந்தது. மாரீஸ்வரன் காதில் போனோடு நின்று விதிமுறை சொன்னார்.

"மக்களோட கருத்து ரகசியம். ஒரு எழுத்தைக்கூட யாரும் படிக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பதினான்கு பேரும் சத்தியம் செய்தார்கள்.

"படிக்காம எப்புடி சார் பிரிக்க?" என்றாள் ராக்கு.

"ஏலக்காயைப் படிச்சுப் பாத்தா பிரிக்கிறீங்க? தரமானது தனி, சுமாரானது தனி, கழிவு தனி. காலங்காலமா செய்யிற வேலை, இதுக்கு நான் வேற..." போனில் மறுபக்கம் யாரோ கத்தவே, அவர் பாதியில் வெளியே போய்விட்டார்.

பெண்கள் முறத்தை எடுத்தார்கள். போடிக் கடைகளில் தரம் பிரிப்பதற்கு ஒரு தர்மம் உண்டு. சரக்கு யாருடையது என்று கேட்கக் கூடாது. சொந்தக்காரன் காய், வேண்டாதவன் காய் என்று பார்க்கக் கூடாது. நிறம் பார், கறை பார், வெடிப்புப் பார், ஒதுக்கு. அதே கண்ணோடு படிவங்களைப் பிரித்தார்கள். கசங்காமல், கறை படாமல், வெள்ளை வெளேரென்று இருந்தவை முதல் தரம். மடிந்தவை, டீ சிந்தியவை, மை இழுகியவை இரண்டாம் தரம். விரல் கறையும் கிழிசலுமாக வந்தவை கழிவு.

"மதினி, முதத் தரத்துல ஒண்ணுமே எழுதலையோன்னு தோணுது" என்றாள் ராக்கு மெல்ல.

"சத்தியம் பண்ணியிருக்க. எழுதியிருக்கா இல்லையான்னு பாக்குறதும் படிக்கிறதுதாண்டி. கைய மட்டும் பாரு."

மூன்றாம் நாள் சுருளியம்மாளின் முறத்தில் ஒரு படிவம் வந்தது. நாலு ஓரமும் கறுப்பு விரல். கடைசிப் பக்கத்தில் கோணல்மாணலாக அவள் கையெழுத்து. தன் கையெழுத்து அவளுக்குத் தெரியாமல் போகுமா? எடுத்துப் பார்த்தாள். எடுத்த கை கொஞ்சம் தயங்கியது. முதல் தரத்துக் குவியல் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, யாரும் பார்க்கவும் இல்லை. ஆனால் முப்பது வருடம் காய் பிரித்த கை பொய் சொல்லுமா? அதைக் கழிவில் போட்டாள். மற்ற பதிமூன்று பேரும் அவரவர் படிவத்தை அப்படியே போட்டிருந்தார்கள்.

ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. பெண்கள் குப்பையைக் கூட்டித் தளத்தைக் கழுவினார்கள். தாயக்கட்டம் வெளியே தெரிந்தது, உடனே கதவும் பூட்டப்பட்டது.

பங்குனி முதல் வாரம் வாரியத் தலைவரே சென்னையிலிருந்து வந்தார். அவ்வளவு விருப்பமுள்ள ஊரை நேரில் காண வேண்டும் என்று அவருக்கு ஆசை. கட்டடத்தில் பொழுதுபோக்கு எப்படி இருக்கும் என்று அவருக்குக் காட்ட மாதிரிக்குக் கொஞ்சம் பொழுதுபோக்கு தேவைப்பட்டது. மாரீஸ்வரன் அவசரமாகச் சுருளியம்மாளுக்கு ஆள் அனுப்பினார். சாயங்காலம் நாலரையிலிருந்து கால் மணி நேரம் தாயம் ஆட வேண்டும்.

பதினான்கு பேரும் வந்தார்கள். புளியங்கொட்டையை உள்ளங்கையில் குலுக்கியபோது சுருளியம்மாளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவள் அதை மறைக்கவில்லை. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டத்தை ரசித்தார். "வெட்டு! வெட்டு!" என்று ராக்குவுக்கு யோசனைகூடச் சொன்னார். பிறகு அறிக்கையைக் கேட்டார். மாரீஸ்வரன் எழுந்து நின்று வாசித்தார்.

"மொத்தக் கருத்துகள் ஆறாயிரத்து நூற்றிரண்டு. அதில் முதல் தரக் கருத்துகள் ஐயாயிரத்து நானூற்றுப் பதினொன்று. முதல் தரக் கருத்துகள் அனைத்தும் ஒருமனதாக உள்ளன."

"என்ன சொல்லியிருக்காங்க?"

"ஒன்றும் சொல்லவில்லை ஐயா. ஒருமனதாக."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுதான் பண்பாடு. இந்த மக்களுக்கு எந்த ஆசையும் இல்லை. இவங்க கேட்காததைக் கொடுத்து இவங்க மனசைக் கெடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கு? மையம் வேண்டாம். கட்டடத்தைப் பூட்டிப் பத்திரமா பாதுகாப்போம். வாரியம் மக்களுக்குத் தலைவணங்குது." பேசி முடித்துவிட்டு ஆட்டத்தைச் சுட்டிக் காட்டினார். "அப்ப இவங்க செய்யிறது?"

மாரீஸ்வரனுக்கு வியர்த்தது. "மக்கள் விருப்பத்துக்கு முரணானது ஐயா."

தலைவரின் கார் புறப்பட்டுப் போனது. கால் மணி நேரம் முடிந்து வெகுநேரமாகியிருந்தது.

"எந்திரிங்கம்மா. பூட்டணும். மக்களுக்கு நீங்க இங்க விளையாடுறதுல விருப்பம் இல்ல" என்றார் மாரீஸ்வரன்.

"எந்த மக்க சார்?" என்றாள் சுருளியம்மாள்.

"நீங்கதாம்மா."

"நாங்க சொல்லலையே."

"முதல் தரத்துல சொல்லியிருக்கு."

சுருளியம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். தன் படிவத்தைத் தன் கையாலேயே கழிவில் போட்ட நாள் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகம் சிவந்தது. சத்தம் போடப் போகிறாள் என்று ராக்கு பயந்தாள். ஆனால் அவள் புளியங்கொட்டையைக் குலுக்கிப் போட்டாள்.

"நீ ஆடு, ராக்கு."

மாரீஸ்வரன் சின்னச்சாமியைப் பார்த்தார். சின்னச்சாமி பூட்டும் கையுமாக நின்றார். மறுகையில் காவலர் கையேடு இருந்தது.

"சார், இதுல போட்டுருக்கு. உள்ள மனுசரோ கால்நடையோ இல்லன்னு உறுதி பண்ணிட்டுத்தான் பூட்டணுமாம். மீறிப் பூட்டுனா எம்மேல கேசு."

"அப்ப ஆட்டம் முடியிற வரைக்கும் இருங்க."

"ஆட்டம் எப்ப சார் முடியும்? ஒராளு எந்திரிச்சா அடுத்தாளு உக்காருது."

அது அப்படித்தான் ஆயிற்று. காய் ஓய்ந்த காலம் அல்லவா? பதினான்கு பேரும் முறை வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் வீட்டுக்குப் போனால் இரண்டு பேர் வந்தார்கள். சோறு தூக்குவாளியில் வந்தது. சுருளியம்மாளின் எருமையை அவள் புருஷன் கறந்தார். எருமைக்கு அது புது அனுபவம், அவருக்கும்தான். தண்ணீர்க் குடம் இருக்கும் இடத்தையும் அந்த வாரத்தில் அவர் கண்டுபிடித்துவிட்டார். ஒவ்வொரு நாளும் மாரீஸ்வரன் வந்து வாசலில் நின்று, காலி இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். வாரியத்துக்கு மதுரைப் பக்கம் அடுத்த ஊரின் விருப்பம் காத்துக்கொண்டிருந்தது. இந்தச் சாவியை ஒப்படைக்காமல் அவர் மாறுதல் வாங்கிப் போக முடியாது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நாலு பேனாவும் பையில் இல்லை. சுவரில் சாய்ந்து, அப்படியே கல் தளத்தில் உட்கார்ந்துவிட்டார். தளம் குளுமையாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு என்னதாம்மா வேணும்?" என்றார்.

வாரியம் ஊருக்கு வந்து ஐந்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இப்படி ஒரு கேள்வியை அவர்களில் யாரும் அதுவரை கேட்டதில்லை. பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இத மொத நாளே கேட்டுருக்கலாம்ல சார்" என்றாள் சுருளியம்மாள். அவள் குரலில் கோபம் இல்லை. "நாலரைக்கு இருந்து ஆறு வரைக்கும் உக்கார ஒரு எடம். நீங்க மையமும் கட்ட வேணாம், ஒண்ணும் கட்ட வேணாம். சாவிய அண்ணன்ட்டக் குடுத்துட்டு வெரசாக் கெளம்புங்க. உங்க மதுரை வண்டிக்கு நேரமாகுது."

மாரீஸ்வரன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பேனா இல்லாததால் ராக்குவிடம் இரவல் வாங்கினார். 'மக்கள் விருப்பம்' என்று எழுதி, அதற்கு எதிரே என்ன போடுவது என்று வெகுநேரம் யோசித்தார். கடைசியில் 'ஒன்றரை மணி நேரம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். சாவியைச் சின்னச்சாமியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு மூன்று பிரதியில் கையெழுத்து வாங்கினார். போகும்போது கட்டத்தை ஒருமுறை எட்டிப் பார்த்து, "அந்தக் காய வெட்டலாமே" என்றார்.

"தெரியும் சார்" என்றாள் ராக்கு, வெட்டினாள்.

அந்த ஆட்டத்தில் சுருளியம்மாள் தோற்றாள். காய்களைக் கூட்டி அள்ளி, "இன்னொண்ணு போடு" என்றாள். மணி ஆறரை ஆகியிருந்தது.